நீளக் கட்டில்

கட்டில் உள்ளே போகவில்லை. தலைமாடு அறைக்குள்ளும் கால்மாடு நடைவழியிலுமாக வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது. இழுத்தவர்களுக்கும் மூச்சு வாங்கியது, தள்ளியவர்களுக்கும் மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கப்பா," என்றார் மாணவர் நல அலுவலர்.

"சாய்ச்சாச்சு சார். நிமிர்த்தியாச்சு. தலைகீழாவும் பிடிச்சுப் பார்த்தாச்சு. நடை குறுகல், கட்டில் நீளம். திரும்ப இடமில்ல," என்றார் லாரியோடு வந்தவர்.

"கழட்டி உள்ளே கொண்டுபோய் மாட்ட முடியாதா?"

"ஒரே வெல்டிங் சார். ஆயுசுக்கும் ஆடாது."

அதுதான் தெரிகிறதே என்று அலுவலர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் விடுதி வார்டன் துண்டும் சோப்பு டப்பாவுமாக நின்றிருந்தார். குளியலறை இந்தப் பக்கம் இருந்தது.

"சார், இருநூத்துப் பன்னெண்டு கட்டில்னு கேள்விப்பட்டேன். உண்மையா?"

"முதல் லாரியில நாற்பதுதான் வந்திருக்கு," என்றார் அலுவலர், ஆறுதல் சொல்கிற குரலில்.

இந்த அலுவலருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'நலமா சார்'. எதிரில் யார் வந்தாலும் "நலமா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் அவரும் நாலடி போயிருப்பார், எதிரில் வந்தவரும் நாலடி போயிருப்பார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன. இதே பல்கலைக்கழகத்தில் படித்து, இதே விடுதியில் குப்பை கொட்டியவர். அப்போது அறைக்கு மூன்று பேர். இப்போது மாணவர்களுக்குத் தனிமை வேண்டும் என்று யாரோ ஆராய்ந்து சொல்ல, நடுவில் சுவர் வைத்து ஆளுக்கொரு அறையாக்கிவிட்டார்கள். நடை குறுகிப்போனதும் அப்போதுதான்.

கட்டில் கதை தொடங்கியது ஒரு நல்ல எண்ணத்தில்தான். அறக்கட்டளை ஒன்று மாணவர்களின் மனநலத்துக்குப் பணம் தர முன்வந்தது. அந்தப் பணத்தில் ஆலோசகர் ஒருவரைத் தற்காலிகமாக நியமித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. சோதனை முயற்சியாக இந்த விடுதி மாணவர்களின் மனநிலையை வெள்ளிக்கிழமைதோறும் போனில் அளக்க வேண்டும். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அழுமூஞ்சியிலிருந்து சிரித்தமூஞ்சி வரை ஐந்து முகங்கள், கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று ஒரு கட்டம். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். பருவம் முடிவதற்குள் அறுபதைத் தாண்டினால் ஆலோசகர் நிரந்தரம். தாண்டாவிட்டால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். அவருடைய அறைக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஊருக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று பெட்டியோடு வந்து உட்கார்ந்து, பெட்டியோடு விடுதிக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு. யார், என்ன என்று அவர் வெளியே சொல்லக் கூடாது. சொல்லக் கூடாத விஷயத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் எப்படிக் காட்டுவது? பதிவாளருக்கு எண் வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்தான் பதில் சொன்னார்கள். அதில் ஒருவர் வார்டன்.

நலமா சார் யோசித்தார். பதில் போட்டால்தான் விடுதியில் வைஃபை திறக்கும் என்று செய்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பதில் போட்டிருந்தார்கள். பதிவாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதிப்பெண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டார். முப்பத்து நான்கு.

கடைசிக் கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே குறையைத்தான் சொல்லியிருந்தார்கள். கட்டில் நீளம் போதவில்லை, கால் வெளியே தொங்குகிறது.

"நம்ம காலத்துல இப்படியா சார் வளர்ந்தோம்? இப்ப சாப்பாடு நல்லாயிருக்கு, பிள்ளைங்க வளர்றாங்க," என்றார் நலமா சார் நெகிழ்ந்துபோய்.

"ஒதுக்கின பணம் சும்மாதான் கிடக்குது. மனநலத்துல முதலீடு பண்ணச் சொல்லித்தானே கொடுத்தாங்க? கட்டில் வாங்குங்க," என்றார் பதிவாளர்.

இப்படித்தான் லாரி வந்தது.

மாட்டிக்கொண்ட கட்டிலைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். மற்ற லாரிகளை வர வேண்டாமென்று நிறுத்தினார்கள். வந்த நாற்பதில் முப்பத்தொன்பது மாடி நடைவழியில் சுவரோரமாகக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே போனது. மேல்மாடியில் கடைசி அறையின் வாசல் நடைக்கு நேர் எதிரே இருந்ததால், திருப்பாமல் கொள்ளாமல் நேராகத் தள்ளிவிட முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதிப்பெண் இருபத்தொன்பது. ஆலோசகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கடைசிக் கட்டத்தைப் படிச்சீங்களா?"

"திட்டியிருப்பாங்க. நடக்க வழியில்லாமப் பண்ணிட்டோம்."

"திட்டல சார். 'கட்டில் இப்போது வசதியாக இருக்கிறது, நன்றி'ன்னு போட்டிருக்காங்க. இருநூத்துப் பன்னெண்டு பேரும்."

நலமா சாருக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"உள்ள போனது ஒரு கட்டில்தானே?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்," என்றார் ஆலோசகர்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை இருவரும் அந்தக் கடைசி அறைக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. நீளக் கட்டில் முழுக்கப் போன்கள். கறுப்பு, நீலம், கண்ணாடி உடைந்தது, ரப்பர் வளையம் போட்டது என்று கடை பரப்பினாற்போலக் கிடந்தன. தரையில் உட்கார்ந்து ஒருவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருக்கும்போதே கட்டிலுக்கு மேல் முக்கால் ஆள் உயரம் தெரிந்தது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எல்லோரும் 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னப்பா இது?"

ஒட்டகம் எழுந்து நின்றான். எழுந்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"எல்லாருக்கும் வேலை இருக்கு சார். வைஃபை வேணும். எனக்கு நேரம் இருக்கு, அதான் நான் போட்டுக் கொடுத்துடறேன்."

"இருநூறு பேருக்குமா?"

"முதல்ல இந்த மாடிக்கு மட்டும்தான் சார். அப்புறம் கீழேயும் கேள்விப்பட்டு வந்துட்டாங்க."

"ஆளாளுக்கு ஒரு மனநிலை இருக்குமே. அதை நீ எப்படிப் போடுவ?"

"அவங்க மனசு எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு எப்படி இருக்கோ அதைப் போட்டுடுவேன். பொய் சொல்லக் கூடாதில்ல."

ஆலோசகர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நலமா சாருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது கட்டில்கள் கண் முன்னால் வந்து நின்றன.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். "எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு முதல்லேர்ந்து அளக்கணும் சார்."

"அளந்தா பருவம் முடிஞ்சுடும். உங்க அறையைப் பூட்டிடுவாங்க."

"பூட்டட்டும்."

"உங்களுக்கு வேற வேலை கிடைக்கும்மா. பெட்டியோட வர்ற பையன் எங்க போவான்?"

நலமா சார் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்க. இருநூத்துப் பன்னெண்டு பேரைச் சந்தோஷப்படுத்தறது நம்மால ஆகிற காரியமா? ஒருத்தனைன்னா முடியும்."

"இது ஏமாத்து வேலை சார்."

"சோகமா இருக்கிற பையனைச் சிரிக்க வைக்கிறது ஏமாத்தா?"

"அவனை நான் பார்க்கிறேன். அது என் வேலை. மார்க்கை நீங்க என்ன பண்ணுவீங்களோ, அது எனக்குத் தெரியாது," என்றார் ஆலோசகர். குரலில் பாதிச் சம்மதம் இருந்தது. மீதியை நலமா சாரே சேர்த்துக்கொண்டார்.

மறுநாளே முதலீடு ஆரம்பமானது. ஒட்டகத்தைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார். சுவரொட்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததை நம்பிப் போனார். படத்தில் இடைவேளைக்குள் மூன்று பேர் செத்தார்கள். அந்த வாரம் இருபத்து நான்கு.

அடுத்து, உடம்பு அசைந்தால் மனசு லேசாகும் என்று கைப்பந்து வாங்கிக் கொடுத்தார். இந்த உயரத்துக்கு நீ நின்றாலே போதும் என்றும் சொன்னார். ஒட்டகம் நின்றான். பந்து மூக்கில் விழுந்தது. அந்த வாரம் பத்தொன்பது.

பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். "பணத்தைப் போடப் போட மார்க் இறங்குதே சார். பேசாம முதலீட்டை நிறுத்திட்டா ஏறுமோ?"

வீட்டிலும் நலமா சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு பையனைச் சிரிக்க வைக்கணும்."

"முப்பது வருஷமா என்னைச் சிரிக்க வைக்கத் தெரியல. போயும் போயும் உங்களையா நம்பினாங்க?" என்றபடி அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் அவர் கையை விரித்துக்கொண்டு ஒட்டகத்திடமே போனார். மூக்கில் பிளாஸ்திரியோடு அவன் கட்டிலில் படுத்திருந்தான். கால் முழுக்க உள்ளே இருந்தது.

"உனக்கு என்னதான்ப்பா குறை?"

"குறைன்னு ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் அழுமூஞ்சியா போடற?"

ஒட்டகம் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார் இந்த ரூமுக்கு ஆள் வரும். போனைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. வாங்கிக்க வருவாங்க. அவ்வளவுதான். நல்ல பசங்கதான். நான் போட மாட்டேன்னு சொன்னா அந்த ரெண்டு தடவையும் வர மாட்டாங்க."

நலமா சார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இதே மாடியில், அவர் இரண்டாம் ஆண்டு படித்தபோது, விடுதியிலேயே இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அறையில் இருந்த மற்ற இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஜோடியாகவே சுற்றுவார்கள். அதனால் இஸ்திரிப் பெட்டியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார். யார் எப்போது வந்து கேட்பார்களோ என்று சாயங்காலம் எங்கும் போகாமல் அறையிலேயே இருப்பார். வருகிறவர்கள் பெட்டிக்காகத்தான் வருகிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் காத்திருப்பார். ஒருநாள் எதிர் அறையிலிருந்து ஒருவன் வந்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனை 'ரேடியோ' என்பார்கள். வெறுங்கையோடு வந்து நின்றான். "சட்டை எங்கே?" என்று இவர் கேட்டார். "சட்டையெல்லாம் இல்ல, சும்மா வந்தேன்," என்று தகரப் பெட்டி மேல் உட்கார்ந்தவன் படிப்பு முடியும்வரை தினமும் வந்து உட்கார்ந்தான். ரேடியோ இப்போது எங்கே இருக்கிறானோ. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் நலமா சாருக்கு இன்றைக்கும் வயிற்றுக்குள் இதமாக இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நலமா சார் மறுபடியும் போனார்.

"என்ன சார், ஏதாவது போடணுமா?" என்று ஒட்டகம் எழுந்தான்.

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

ஒட்டகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு நலமா சார், வாயில் வந்ததைப் பேச ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் பூட்டிச் சாவியைத் தொலைத்த சைக்கிள். ஒரே கோட்டை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனதும், நாலாமவனைப் பார்த்துத் தேர்வாளர் "இந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றதும். அந்தக் கோட்டுக் கதையைச் சொல்லும்போது ஒட்டகம் சிரித்தான். நடைவழியிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து அறைப் பையன் பல் துலக்கும் பிரஷோடு நின்றிருந்தான்.

"அப்புறம் யாருக்கு சார் வேலை கிடைச்சுது?"

"கோட்டுக்குச் சொந்தக்காரனைத் தவிர மூணு பேருக்கும்."

அடுத்த நாள் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். அதற்கடுத்த நாள் அறைக்குள் இடமில்லை. நடையில் கிடந்த கட்டில்களில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நீளம் தாராளம் என்பதால் கட்டிலுக்கு ஏழு பேர் உட்கார முடிந்தது. நலமா சார் வாசற்படிக்கு இடம் மாறினார். அவர் நிறுத்தினால் இவர்கள் ஆரம்பித்தார்கள். ஒருவனுக்கு வீட்டில் தினமும் சண்டை. ஒருவனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை, அப்பாவிடம் சொல்லப் பயம். இதெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் என்றான் இன்னொருவன். சிலரை நலமா சார் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் அறை வாசலில் நாற்காலி போதவில்லை. வார்டன்கூடத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குளிக்கப் போவதாகத்தான் கிளம்பியிருந்தார்.

மதிப்பெண் ஏறியது. முப்பத்து மூன்று. நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டு. பதிவாளர் மறுபடியும் கையைக் குலுக்கினார்.

ஆனால் ஏற ஏற நலமா சாருக்குப் பயம் பிடித்தது. இவ்வளவும் ஒருவனுடைய மனசில் தொங்குகிறது. அவனுக்கு ஜலதோஷம் பிடித்தால் விடுதியே சோர்ந்துபோகும். போன பருவத் தேர்வு முடிவு வருகிறது என்று தெரிந்ததும் இயற்பியல் பேராசிரியரிடம் ஓடினார்.

"இந்த ஒரு பையனோட மார்க்கை மட்டும் ஒரு வாரம் தள்ளி வெளியிட முடியுமா?"

"ஏன், உறவுக்காரப் பையனா?"

"இல்லங்க. இருநூத்துப் பன்னெண்டு பேரோட மனநிலை அதுல இருக்கு."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நலமா சார்?"

முடிவு காலையிலேயே வெளியாகிவிட்டதாம். ஒட்டகம் ஒரு பாடத்தில் தோற்றுப் போய்விட்டான். நலமா சார் படிகளில் விழுந்தடித்து ஏறினார். எப்படியும் அழுதுகொண்டிருப்பான் என்றுதான் நினைத்தார். போய்ப் பார்த்தால் நாலைந்து பேர் ஒட்டகத்தைச் சுற்றி உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் இருவர் அதே பாடத்தில் போனவர்கள்தான். அறை முழுக்கச் சிரிப்பு.

அந்த வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று. தோற்றவனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று நலமா சார் உருகிப்போனார்.

அறக்கட்டளைத் தலைவி நேரில் வந்தார். வயதானவர், அளந்து பேசுகிறவர். பதிவாளர் அவரை விடுதி மாடிக்கே அழைத்து வந்து, கட்டில் வரிசையைக் காட்டி, "இது நாங்க திட்டமிட்டுச் செஞ்ச திறந்தவெளி இருக்கை," என்றார். தலைவி ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துத் தலையசைத்தார். பையன்கள் சுற்றி நின்றார்கள்.

"பத்தொன்பதுலேர்ந்து எழுபத்தொண்ணு. இப்படி ஏறினதை நான் எங்கேயும் பார்க்கல. ஆலோசகர் பதவியை நிரந்தரமாக்கிடலாம்," என்று தலைவி பேனாவை எடுத்தார்.

ஆலோசகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நலமா சார் அவரைப் பார்த்தார். அந்தப் பெண் பொய்யில் நிற்கும் நாற்காலியில் உட்கார்ந்து உண்மை பேசச் சொல்லி யாரிடம் கேட்பாள்? முன்னால் போனார்.

"அம்மா, கையெழுத்துப் போடாதீங்க. இது இருநூத்துப் பன்னெண்டு பேரோட மார்க் இல்ல."

பதிவாளர் இருமினார். நலமா சார் நிறுத்தவில்லை.

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே பையன் போடறான். தெரிஞ்சும் நான் மறைச்சேன். அவன் ஒருத்தனைச் சந்தோஷப்படுத்தினா போதும்னு தினமும் வந்து உக்கார்ந்தேன். எழுபத்தொண்ணு அவன் ஒருத்தனோடது. ஆலோசகருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்க."

பேனா நின்றது. பதிவாளர் முகத்தில் இரத்தமே இல்லை. ஒட்டகம் எல்லோருக்கும் பின்னால் நின்று, எல்லோருக்கும் மேலே தெரிந்த தன் தலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"யாருப்பா அந்தப் பையன்?" என்று கேட்டார் தலைவி.

பக்கத்து அறைப் பையன்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"சார், சாயங்காலம் அவன் ரூம்ல எங்களுக்கே உக்கார இடமில்ல, போனை எங்க வைக்கிறது? ஒரு மாசமா அவங்கவங்க போன்ல அவங்கவங்கதான் போட்டுக்கறோம். அதுல போடாத ஆளுன்னா இந்த ஒட்டகம் ஒருத்தன்தான், கேட்டா நேரமில்லைங்கறான்."